இடைவினை ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: இரண்டு வித்தியாசங்களை நேருக்கு நேர் வைத்துப் பாருங்கள்

"மருந்து ஆண்களுக்கு வேலை செய்தது, பெண்களுக்கு வேலை செய்யவில்லை." ஆய்வுக் கட்டுரையில் இப்படி ஒரு வரி வந்தால் நான் உடனே அட்டவணையைத் தேடிப் போவேன். அங்கே பெரும்பாலும் என்ன இருக்கும் என்பதைக் கணக்குக்காக நானே எடுத்துக்கொண்ட சில எண்களை வைத்துக் காட்டுகிறேன். ஆண்களிடம் ரத்த அழுத்தம் சராசரியாக 10 புள்ளி குறைந்திருக்கிறது, திட்டப்பிழை (தற்செயலால் அந்தச் சராசரி எவ்வளவு ஆடக்கூடும் என்ற அளவு) 4, பி மதிப்பு (மருந்துக்கு விளைவே இல்லாவிட்டாலும் தற்செயலாக இந்த அளவோ இதைவிடப் பெரிதாகவோ வித்தியாசம் வரும் வாய்ப்பு) 0.012. பெண்களிடம் 6 புள்ளி குறைந்திருக்கிறது, திட்டப்பிழை அதே 4, பி மதிப்பு 0.13. முதல் பி மதிப்பு வழக்கமான வரம்பான 0.05க்குக் கீழே, இரண்டாவது மேலே, அவ்வளவுதான், கட்டுரையின் தலைப்பே தயாராகிவிடுகிறது.

ஆனால் கேட்க வேண்டிய கேள்வியை இதுவரை யாரும் கேட்கவில்லை. 10க்கும் 6க்கும் இடையே உள்ள அந்த 4 புள்ளி நிஜமா, தற்செயலா? 4இன் வர்க்கம் 16, இரண்டு பக்கமும் சேர்த்து 32, அதன் வர்க்கமூலம் 5.7. இதுதான் அந்த வித்தியாசத்தின் திட்டப்பிழை. 4ஐ 5.7ஆல் வகுத்தால் 0.7, பி மதிப்பு 0.48. ஆணுக்கும் பெண்ணுக்கும் மருந்து வேறு மாதிரி வேலை செய்கிறது என்று சொல்ல இந்தத் தரவில் ஆதாரமே இல்லை.

ஒரு காரணியின் விளைவு இன்னொரு காரணியைப் பொறுத்து மாறினால் அதை இடைவினை என்கிறோம். எண்ணாகச் சொன்னால் அது வித்தியாசத்தின் வித்தியாசம். அதைத்தான் சோதிக்க வேண்டும், இரண்டு பி மதிப்புகளை அக்கம்பக்கமாக வைத்துப் பார்ப்பது அந்தச் சோதனை ஆகாது. புதிதாக வந்தவர்கள் மட்டும் செய்யும் தவறு என்று நினைக்காதீர்கள். 2011இல் நேச்சர் நியூரோசயின்ஸ் இதழில் வந்த ஓர் அலசல், முன்னணி இதழ்கள் ஐந்தில் வெளியான 513 நரம்பியல் கட்டுரைகளை எடுத்துப் பார்த்தது. இந்தத் தவறு நடக்க வாய்ப்பிருந்த கட்டுரைகள் 157. சரியாகச் செய்தவை 78, தவறாகச் செய்தவை 79.

கூட்டலா, பெருக்கலா?

என்னைக் கேட்டால், எல்லாவற்றையும்விடப் பெரிய குழப்பம் இங்கேதான். "இடைவினை இருக்கிறதா?" என்ற கேள்வி பாதிக் கேள்விதான். எந்த அளவுகோலில் என்று சேர்த்துக் கேட்டால்தான் பதில் சொல்ல முடியும்.

ஆஸ்பெஸ்டாஸ் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 1979இல் ஹேமண்ட், செலிகாஃப், சைட்மன் ஆகியோர், ஆஸ்பெஸ்டாஸோடு புழங்கிய அமெரிக்க, கனடா தொழிலாளர்களின் நுரையீரல் புற்றுநோய் மரணங்களைப் பற்றி எழுதினார்கள். ஒரு லட்சம் பேரை ஓராண்டு கவனித்தால் எத்தனை மரணம் என்ற கணக்கில் பார்ப்போம். ஆஸ்பெஸ்டாஸும் இல்லை, புகைப்பழக்கமும் இல்லை என்றால் 11.3. ஆஸ்பெஸ்டாஸ் மட்டும் என்றால் 58.4. புகை மட்டும் என்றால் 122.6. இரண்டும் சேர்ந்தால் 601.6.

இப்போது கழித்துப் பாருங்கள். புகைக்காதவரிடம் ஆஸ்பெஸ்டாஸ் கூட்டுவது 47 மரணம், புகைப்பவரிடம் கூட்டுவது 479. பத்து மடங்கு! சரி, இப்போது வகுத்துப் பாருங்கள். புகைக்காதவரிடம் ஆஸ்பெஸ்டாஸ் ஆபத்தை 5.2 மடங்காக்குகிறது, புகைப்பவரிடம் 4.9 மடங்காக்குகிறது. கிட்டத்தட்ட ஒன்றேதான். அதே நான்கு எண்கள்தான், கூட்டல் அளவுகோலில் மிகப் பெரிய இடைவினை தெரிகிறது, பெருக்கல் அளவுகோலில் ஒன்றுமே இல்லை.

இது ஏதோ தத்துவ விவாதம் இல்லை. மருத்துவ ஆய்வுகளில் ஆபத்தைக் கணக்கிடப் பயன்படும் லாஜிஸ்டிக் ரெக்ரெஷனும் காக்ஸ் மாடலும் இயல்பாகவே பெருக்கல் அளவுகோலில் இயங்குபவை. அவற்றில் பெருக்கல் பதத்தை, அதாவது இரண்டு காரணிகளையும் பெருக்கிச் சேர்க்கும் பதத்தை, போட்டுப் பார்த்து, பி மதிப்பு பெரிதாக வந்தவுடன் "இடைவினை இல்லை" என்று எழுதிவிட்டால், படிப்பவர் இரண்டு ஆபத்துகளும் தனித்தனியாக இருப்பவை, ஒன்றோடு ஒன்று சம்பந்தமில்லை என்று எடுத்துக்கொள்வார். ஆனால் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளி ஒருவர் புகையை விட்டால் எத்தனை மரணம் தடுக்கப்படும், யாருக்கு முதலில் உதவ வேண்டும் என்பவையெல்லாம் கழித்தல் கணக்கில் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள். பொதுச் சுகாதார முடிவுக்காக ஆய்வு செய்கிறீர்கள் என்றால் கூட்டல் அளவுகோலைக் காட்டாமல் விடாதீர்கள். இரண்டையும் காட்டினால் இன்னும் நல்லது.

ஆய்வுக்கூடத்தில் இதே குழப்பம் வேறு வேஷத்தில் வரும். மருந்தே கொடுக்காத கட்டுப்பாட்டுத் தட்டில் 100 செல் உயிரோடு இருக்கின்றன என்று வையுங்கள். முதல் மருந்து கொடுத்தால் 50, இரண்டாவது கொடுத்தால் 40, இரண்டும் சேர்த்துக் கொடுத்தால் 20. இரண்டு காரணிகளின் விளைவைக் கூட்டல் கணக்கில் பிரித்துப் பார்க்கும் டூ-வே அனோவாவில் அப்படியே போட்டால், ஒன்று 50ஐக் கொல்கிறது, இன்னொன்று 60ஐக் கொல்கிறது, ஆக 110 செத்திருக்க வேண்டும், 80தான் செத்தது, எனவே மருந்துகள் ஒன்றை ஒன்று தடுக்கின்றன என்று வரும். 100 செல் இருந்த தட்டில் 110 எப்படிச் சாகும்? முதல் மருந்து பாதியை மிச்சம் வைக்கிறது, இரண்டாவது 40 சதவீதத்தை மிச்சம் வைக்கிறது, பாதியில் 40 சதவீதம் 20தான். இரண்டும் தன்பாட்டுக்குத் தன் வேலையைச் செய்திருக்கின்றன. மருந்தியலில் பிளிஸ் 1939லேயே சொன்ன கணக்கு இது. லாகரிதம் எடுத்துவிட்டு அனோவா போட்டிருந்தால் அந்த "இடைவினை" காணாமல் போயிருக்கும்.

ஒரு சின்ன உபாயம். வரைபடம் போடுங்கள். கோடுகள் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு போனால், அல்லது ஒரு குழுவில் விளைவு மேலேயும் இன்னொன்றில் கீழேயும் போனால், அளவுகோலை எப்படி மாற்றினாலும் இடைவினை போகாது. சரிவு மட்டும்தான் வேறு என்றால் லாகரிதமோ வர்க்கமூலமோ எடுத்தாலே அது மறையக்கூடும், அப்படிப்பட்ட முடிவைக் கொஞ்சம் அடக்கி எழுத வேண்டும்.

பூஜ்ஜிய வயதில் ஒரு நோயாளி

மாடலில் மருந்து, வயது, மருந்து பெருக்கல் வயது மூன்றும் இருக்கின்றன. வெளியே வரும் அட்டவணையில் மருந்துக்கு நேரே +6, பெருக்கல் பதத்துக்கு நேரே −0.2. "மருந்து ரத்த அழுத்தத்தை 6 புள்ளி ஏற்றுகிறது" என்று எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த 6 வயது பூஜ்ஜியமாக இருப்பவருக்கான விளைவு! 60 வயதுக்காரருக்கு 0.2ஐ 60ஆல் பெருக்கி 12ஐக் கழித்தால் −6, அதாவது மருந்து அழுத்தத்தைக் குறைக்கிறது. வயதிலிருந்து சராசரி வயதைக் கழித்துவிட்டு மாடலைப் போட்டால் மருந்துக்கு நேரே நிற்கும் எண் அர்த்தமுள்ளதாக ஆகிவிடும். பெருக்கல் பதமும் அதன் பி மதிப்பும் மாறாது. அப்புறம், பெருக்கல் பதத்தை வைத்துக்கொண்டு தனிப் பதங்களைத் தூக்கிவிடும் பழக்கம் சிலருக்கு உண்டு, அதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள்.

வயதை "50க்குக் கீழ், 50க்கு மேல்" என்று வெட்டுவதும் இதே ரகம். 49க்கும் 51க்கும் இடையே சுவர் எழுப்பி, 51ஐயும் 80ஐயும் ஒரே அறையில் போடுகிறீர்கள். தகவலும் போகிறது, வெட்டும் இடத்தை மாற்றினால் முடிவும் மாறுகிறது. இன்னொன்று, இரண்டு காரணிகளும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவையாக இருந்து, ஒன்றின் விளைவு நேர்கோடாக இல்லாமல் வளைந்து போனால், அந்த வளைவே இடைவினை வேஷம் போட்டு வரும். வர்க்கப் பதத்தைச் சேர்த்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

மாதிரி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

மருந்து விளைவைக் கண்டுபிடிக்க 400 பேர் போதும் என்று திட்டமிட்டு, அதே 400 பேரில் இடைவினையையும் தேடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. நான்கு சமமான குழுக்கள் இருக்கும்போது, இடைவினையின் திட்டப்பிழை முதன்மை விளைவின் (எல்லாரையும் சேர்த்துப் பார்த்த மருந்து விளைவின்) திட்டப்பிழையைப் போல இரு மடங்கு. எனவே அதே அளவு பெரிய இடைவினையைப் பிடிக்க 4 மடங்கு ஆட்கள் வேண்டும். இடைவினை முதன்மை விளைவில் பாதி அளவுதான் என்றால், அதுதான் பெரும்பாலும் நடக்கும், 16 மடங்கு. 400 பேர் 6,400 ஆகிறார்கள்.

இவ்வளவு சின்ன மாதிரியில் நிறையத் தேடினால் ஏதாவது ஒன்று அகப்படத்தான் செய்யும். 10 காரணிகளில் 45 ஜோடிகள் இருக்கின்றன, எதிலும் ஒன்றுமே இல்லாவிட்டாலும் 5 சதவீத வரம்பில் இரண்டு தேறிவிடும். 20,000 மரபணுக்களை எடுத்தால் ஜோடிகள் கிட்டத்தட்ட 20 கோடி.

மாரடைப்பு சிகிச்சையில் பெரும் திருப்பமாக அமைந்த ஐசிஸ்-2 ஆய்வு 1988இல் வெளிவந்தது, 17,187 நோயாளிகள். ஆஸ்பிரின் பெற்றவர்களில் இதய ரத்தநாளக் காரணங்களால் இறந்தவர்கள் 9.4 சதவீதம், பெறாதவர்களில் 11.8 சதவீதம். நோயாளிகளைச் சிறு பிரிவுகளாக்கிப் பார்க்கும் துணைக்குழு ஆராய்ச்சி எங்கே கொண்டுபோய் விடும் என்று காட்டுவதற்காகவே ஆய்வாளர்கள் நோயாளிகளை ராசிப்படி பிரித்துப் போட்டார்கள். மிதுனம், துலாம் ராசிக்காரர்களுக்கு ஆஸ்பிரின் லேசாகக் கெடுதல் செய்வதுபோல வந்தது, மற்றவர்களுக்கு நல்ல பலன். இத்தனை ஆயிரம் பேர் இருந்த ஆய்விலேயே இப்படி வருமென்றால், 200 பேரை வைத்துக்கொண்டு துணைக்குழுவில் கிடைப்பதை எந்த அளவுக்கு நம்புவீர்கள்?

இதன் விலை உண்மையிலேயே பெரியது. மூளை வேதிப்பொருளான செரடோனினைக் கடத்தும் புரதத்துக்கான மரபணுவின் ஒரு வடிவம், வாழ்க்கையில் வரும் நெருக்கடிகளோடு சேர்ந்து மனச்சோர்வை வரவழைக்கிறது என்று 2003இல் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. அதைத் தொடர்ந்து ஏராளமான ஆய்வுகள் நடந்தன. 2009இல் 14 ஆய்வுகளில் இருந்த 14,250 பேரின் தரவைச் சேர்த்துப் பார்த்தபோது நெருக்கடிகளுக்கு மனச்சோர்வோடு தொடர்பு தெரிந்தது, அந்த மரபணுவுக்கும் தெரியவில்லை, இடைவினைக்கும் தெரியவில்லை. எத்தனை பேரின் ஆய்வுக் காலம் அதில் போயிருக்கும் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. எந்தெந்த ஜோடியைச் சோதிக்கப் போகிறோம் என்று தரவைத் திறப்பதற்கு முன்பே எழுதி வைப்பது இதற்காகத்தான்.

மரபணு, சூழல் இடைவினையில் அதிகம் கவனிக்கப்படாத இன்னொரு ஓட்டை இருக்கிறது. குழப்பும் காரணியை (நாம் பார்க்கும் காரணியோடும் விளைவோடும் தொடர்புள்ள வேறொன்றை), உதாரணமாக வருமானத்தை, மாடலில் சேர்த்துவிட்டாலே போதும் என்று நினைக்கிறோம். மரபணு பெருக்கல் நெருக்கடி என்ற பதத்தைச் சோதிக்கிறீர்கள் என்றால் மரபணு பெருக்கல் வருமானம், நெருக்கடி பெருக்கல் வருமானம் இரண்டும் உள்ளே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வருமானம் செய்த வேலைக்கு நெருக்கடி பழி சுமக்கும்.

சில இடைவினைகள் தரவில் தெரியவே தெரியாது. பினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தை உடலால் சரியாகச் சிதைக்க முடியாத பினைல்கீட்டோனூரியா நோயில் மரபணுக் குறைபாடு இருந்தும், பினைல்அலனின் குறைந்த உணவைப் பிறந்ததிலிருந்தே கொடுத்தால் மூளை பாதிப்பைப் பெருமளவு தடுக்கலாம். உடலுக்குள் மரபணுவும் உணவும் பின்னிப்பிணைந்து கிடக்கின்றன. ஆனால் எல்லாரும் சாதாரண உணவே சாப்பிடும் கூட்டத்தில் ஆய்வு செய்தால் உணவுக்கு எந்தப் பங்கும் தெரியாது, முழுக்க மரபணு நோய் என்றே தெரியும். ஒரு காரணி உங்கள் மாதிரியில் மாறவே இல்லை என்றால் அதன் இடைவினையைப் பற்றி உங்கள் மாடலால் ஒரு வார்த்தைகூடப் பேச முடியாது.

முடிவுகளை எழுதும்போது நான்கு கட்டங்களின் (இரண்டும் இல்லை, ஒன்று மட்டும், மற்றது மட்டும், இரண்டும்) எண்களையும் கொடுத்துவிடுங்கள். 1994இல் லான்செட்டில் வந்த ரத்தக்கட்டு ஆய்வில், 10,000 பெண்களுக்கு ஓராண்டில் எத்தனை என்ற கணக்கு நான்காகவே இருந்தது: கருத்தடை மாத்திரையும் ரத்தம் எளிதில் உறையச் செய்யும் ஃபேக்டர் ஃபைவ் லெய்டன் மரபு மாற்றமும் இல்லாதவர்களில் 0.8, மாத்திரை மட்டும் 3.0, மரபு மாற்றம் மட்டும் 5.7, இரண்டும் இருந்தால் 28.5. கூட்டல், பெருக்கல் எதை வேண்டுமானாலும் படிப்பவரே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

கூடவே இடைவினைக்கு நம்பிக்கை இடைவெளியையும், அதாவது தரவோடு ஒத்துப்போகும் மதிப்புகளின் வீச்சையும், கொடுங்கள். முதலில் பார்த்த ரத்த அழுத்தக் கணக்கில் அந்த 4 புள்ளிக்கு 95 சதவீத இடைவெளி −7 முதல் 15 வரை போகிறது. ஆண்களுக்கு 15 புள்ளி கூடுதல் பலன் இருக்கலாம், பெண்களுக்கே 7 புள்ளி கூடுதலாகவும் இருக்கலாம். "இடைவினை இல்லை" என்று எழுதவும் இதில் இடமில்லை, அந்தப் பெண்களுக்கு மருந்தை நிறுத்தச் சொல்லவும் இடமில்லை.