இட்லிக்கு மாவு ஆட்டும் முறை

இட்லி கல்லைப் போல இறுகிவிட்டால் பலரும் அடுப்பையோ தட்டையோ குறை சொல்வார்கள். உண்மையில் அதன் மென்மை முந்தைய நாள் மாலையில், உளுந்தை ஆட்டும்போதே முடிவாகிவிடுகிறது.

நான்கு ஆழாக்கு இட்லி அரிசிக்கு ஒரு ஆழாக்கு தோல் நீக்கிய முழு உளுந்தும் ஒரு தேக்கரண்டி வெந்தயமும் போதும். இட்லி அரிசி என்பது ஆடுதுறை 37 போன்ற குண்டு ரக நெல்லைப் புழுக்கி எடுத்த அரிசி. உளுந்து மட்டும் புதியதாக இருக்க வேண்டும். நாட்பட்ட உளுந்து எவ்வளவு ஆட்டினாலும் மாவு உப்பி வராது. அரிசியை 4 முதல் 5 மணி நேரமும், உளுந்தையும் வெந்தயத்தையும் சேர்த்து ஒரு மணி நேரமும் ஊறவைக்கவும்.

முதலில் உளுந்து. ஊறிய தண்ணீரை வடித்துவிட்டுக் கிரைண்டரில் போட்டு, குளிர்ந்த நீரைக் கைப்பிடி கைப்பிடியாகத் தெளித்தபடி 25 முதல் 30 நிமிடம் ஆட்ட வேண்டும். ஒரேயடியாக நீரை ஊற்றினால் மாவு நீர்த்துப் போகுமே தவிரப் பொங்காது. உளுந்திலுள்ள புரதமும் பசைத்தன்மையும் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் மாவு வெண்ணெய் போல உப்பி வருகிறது. ஒரு துளியைத் தண்ணீரில் விட்டால் மூழ்காமல் மிதப்பதே சரியான பதம். மிக்சி மட்டுமே இருக்கிறதென்றால், அது விரைவில் சூடாகிவிடும் என்பதால், ஐஸ் தண்ணீர் தெளித்துச் சிறிது சிறிதாக அரைக்கலாம். இருந்தாலும் கல்லில் ஆட்டிய மாவுக்கு அது ஈடாகாது என்பது என் எண்ணம்.

பிறகு அரிசியை மெல்லிய ரவைப் பதத்தில் ஆட்டி, இரண்டு மாவையும் கல்லுப்புடன் சேர்த்துக் கையால் நன்றாகக் கலக்கவும். பொங்குவதற்கு இடம் வேண்டும் என்பதால் பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. கையால் கரைத்தால்தான் மாவு புளிக்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. ஆனால் புளிக்கச் செய்யும் லியூகோனாஸ்டாக் முதலிய பாக்டீரியாக்கள் உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே இருக்கின்றன. அவை வெளியிடும் கரியமில வாயுவே மாவை உயர்த்துகிறது. 30 டிகிரி செல்சியசை ஒட்டிய வெப்பத்தில் 8 முதல் 10 மணி நேரத்தில் மாவு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். மார்கழிக் குளிரிலோ ஊட்டி போன்ற ஊர்களிலோ 14 மணி நேரம்கூட ஆகலாம். அப்போது பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி வைப்பது உதவும்.

காலையில் பொங்கி நிற்கும் மாவை அடிவரை போட்டுக் கலக்கினால் இரவெல்லாம் சேர்ந்த வாயு வெளியேறிவிடும். மேலாகக் கரண்டியால் அள்ளி, ஈரத்துணி விரித்த தட்டுகளில் ஊற்றவும். இட்லிப் பானையில் நீர் கொதித்து ஆவி வந்த பிறகே தட்டுகளை வைக்க வேண்டும். ஒரு ஈடு வேக 10 முதல் 12 நிமிடம் ஆகும். ஈர விரலால் தொட்டால் மாவு ஒட்டக் கூடாது. இறக்கியதும் துணியின் பின்புறம் நீர் தெளித்து, இரண்டு நிமிடம் பொறுத்து எடுத்தால் இட்லி உடையாமல் வரும்.

மிஞ்சிய மாவை உடனே குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டால் மறுநாளும் இட்லி வார்க்கலாம். மூன்றாம் நாள் புளிப்பு ஏறியிருக்கும். அதில் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் நறுக்கிப் போட்டு ஊத்தப்பமாகவோ, தாளித்துக் கொட்டிக் குழிப்பணியாரமாகவோ சுட்டுத் தீர்த்துவிடலாம்.