புதுச் சாவி போட்டாச்சு, தொலைந்த சாவி என்ன ஆச்சு?

பள்ளத்தூரில் எங்கள் அம்மானுக்குச் சாந்திக் கல்யாணம் நடந்த அன்று வீட்டு முன்னால் தெருவின் இரண்டு பக்கமும் கார்கள். சமையல் சாமான் ஏற்றி வந்த வண்டி உள்ளே நுழைய வழியில்லை. அம்மானின் காரை நகர்த்துவதற்காக யாரோ சாவியை வாங்கினார்கள். யார் வாங்கினார்கள், யார் கையில் திருப்பிக் கொடுத்தார்கள் என்று சாயங்காலம் வரை விசாரித்தும் ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு சாவி சென்னையில், பீரோவுக்குள். மறுநாள் கிளம்பியாக வேண்டும்.

காலையில் காரைக்குடியிலிருந்து ஒருவரை வரவழைத்தோம். கதவைத் திறந்தார், சாவியை வெட்டினார், ஸ்டீயரிங்குக்குக் கீழே, வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசுவதற்கென்று இருக்கும் ஓபிடி போர்ட்டில் ஒரு கருவியைச் செருகி ஏதோ அழுத்தினார். முக்கால் மணி நேரத்தில் வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது. அம்மான் பணத்தை எடுத்து நீட்டும்போது, திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆச்சி கேட்டார்: "வீட்டுச் சாவி தொலைஞ்சா பூட்டை மாத்துறோம். இதுக்கு எதை மாத்துனீங்க?"

எதையும் மாற்றவில்லை. புதிதாக ஒரு சாவி சேர்ந்திருந்தது, அவ்வளவுதான். தொலைந்த சாவி எங்கே கிடந்தாலும் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போகும். கார் சாவி விஷயத்தில் நாம் செய்யும் தவறுகளில் முதன்மையானது இதுதான். புதுச் சாவி கையில் வந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம்.

இப்போதைய கார் சாவி ஒன்றுக்குள் மூன்று சாவிகள் இருக்கின்றன. வெட்டிய உலோகத் தகடு கதவையும் இக்னிஷனையும் திருப்புகிறது. ரிமோட் பட்டன் தூரத்திலிருந்து கதவைத் திறக்கிறது. மூன்றாவது, கைப்பிடிக்குள் புதைந்திருக்கும் சிறிய சிப். இதற்கு பேட்டரி தேவையில்லை. இக்னிஷனைச் சுற்றியுள்ள காயில்தான் அதற்குச் சக்தி கொடுத்து அடையாளம் கேட்கிறது. பதில் சரியாக வந்தால்தான் இஞ்சின் ஓடும். இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் இம்மொபிலைசர். வண்டியின் கம்ப்யூட்டரில் 'இந்தச் சாவிகளை ஏற்றுக்கொள்' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. புரோகிராம் செய்வது என்றால் அந்தப் பட்டியலில் பெயர் சேர்ப்பது. பழைய பெயரை யாராவது அழித்தால் ஒழிய அது அங்கேயே இருக்கும்.

அதனால் சாவி போடுபவரிடம் முதலில் கேட்க வேண்டியது இது: "இப்போ வண்டியில எத்தனை சாவி பதிவாகியிருக்கு?" பல வண்டிகளில் கருவியின் திரை அந்த எண்ணிக்கையைக் காட்டும். அன்று ஆச்சி கேட்டபிறகு கருவியைத் திரும்பச் செருகச் சொன்னோம். திரையில் 4 என்று வந்தது. சென்னையில் இருப்பது ஒன்று, தொலைந்தது ஒன்று, புதியது ஒன்று. நாலாவது யாருடையது? அம்மான் அந்தக் காரை செகண்ட் ஹேண்டில், இரண்டு சாவியோடு வாங்கியவர். முன்பு வைத்திருந்தவர்களின் வீட்டில் எங்கோ இன்னொரு சாவி, இத்தனை நாளும் உயிரோடு இருந்திருக்கிறது. அவர்கள் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, மறந்திருப்பார்கள். ஆனால் பழைய கார் வாங்குகிறவர்கள் ஆர்சி பெயர் மாற்றுவதற்கு அலையும் அலைச்சலில் பத்தில் ஒரு பங்கை இதற்குச் செலவழித்தால் போதும். வாங்கிய வாரத்திலேயே எல்லாச் சாவியையும் அழித்து, கையில் இருப்பதை மட்டும் திரும்பப் பதிய வைத்துவிடலாம்.

அழிப்பதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பல வண்டிகளில் மொத்தமாகத்தான் அழிக்க முடியும். அப்போது கையில் இல்லாத நல்ல சாவியும் சேர்ந்து செத்துவிடும். எனவே வீட்டில் இருக்கும் எல்லாச் சாவியையும் ஒரே நேரத்தில் கொண்டுவருவது நல்லது. அன்றே எல்லாவற்றையும் அழிக்கச் சொன்ன அம்மானுக்கு அது முடியவில்லை. சென்னைக்குப் போனபிறகு அந்தச் சாவியை மட்டும் தனியாகப் பதிய வைக்க வேண்டியிருந்தது. இன்னொன்று, சில வண்டிகளில் சிப் பதிவு வேறு, ரிமோட் பதிவு வேறு. சிப்பை மட்டும் அழித்தால் தொலைந்த ரிமோட் கதவைத் திறந்துகொண்டேதான் இருக்கும். "ரிமோட்டையும் அழிச்சிட்டீங்களா?" என்று தனியாகக் கேளுங்கள்.

இரண்டையும் அழித்தாலும் உலோகத் தகடு மிச்சம் இருக்கிறது. அது கதவைத் திறக்கும். அதைத் தடுக்க லாக் செட்டையே மாற்ற வேண்டும், செலவு அதிகம். எல்லோருக்கும் அது தேவை என்று நான் சொல்லமாட்டேன். சாவி ஊருணியில் விழுந்தது உங்களுக்கே தெரியுமென்றால் சிப்பை அழித்தாலே போதும். சாவியும் ஆர்சியும் சேர்ந்து இருந்த பை திருடுபோனது என்றால் கதை வேறு. எடுத்தவனுக்கு வண்டி நம்பரும் தெரியும், வீட்டு முகவரியும் தெரியும். அப்போது பூட்டையும் மாற்றிவிடுங்கள்.

நகல் எடுப்பதற்கும் புதிதாகப் பதிவதற்கும் உள்ள வித்தியாசம் பலருக்குத் தெரிவதில்லை. பதிந்தால் எண்ணிக்கை ஒன்று கூடும். நகல் என்பது உங்கள் சிப்பின் அடையாளத்தை இன்னொரு சிப்பில் அப்படியே எழுதுவது. காரைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே ஆள். எண்ணிக்கை கூடாது, திரையிலும் தெரியாது. நகல் எடுக்கக்கூடிய சிப்பாக இருந்தால், பல நேரம் சாவி கையில் கிடைத்தால் போதும், வண்டி பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுகூட அவசியமில்லை. ஆகவே "சாவியை வச்சிட்டுப் போங்க, நாளைக்கு வாங்கிக்கலாம்" என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரு டீ குடித்துக்கொண்டு பக்கத்திலேயே நில்லுங்கள். யாரோ நகல் எடுத்திருப்பார்கள் என்ற சந்தேகம் வலுவாக இருந்தால், மூலச் சாவியைத் திரும்பப் பதிய வைப்பதிலும் பயனில்லை. மூலம் உயிர் பெற்றால் நகலும் உயிர் பெற்றுவிடும். அந்தச் சாவியை ஒதுக்கிவிட்டு வேறு சிப்பில் புதிதாகப் போடுங்கள்.

நம் ஊர்ப் பக்கத்தில் இதைவிடக் கவலைப்பட வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. கார் சாவி, முகப்புக் கதவுச் சாவி, உள்அறைச் சாவி எல்லாம் ஒரே வளையத்தில் தொங்கும். வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டியே கிடக்கும் வீடுகள் இங்கே எத்தனை! அந்தக் கொத்தை அப்படியே சாவி போடுபவரிடமோ, வாட்டர் வாஷ் பையனிடமோ கொடுத்துவிடுகிறோம். அவர்களில் பெரும்பாலோர் நேர்மையானவர்கள்தான். ஆனால் அந்தக் கொத்து எத்தனை பேர் மேசையில் கிடந்தது என்று அவர்களுக்கே தெரியாது. கார் சாவியைத் தனியே கழற்றிக் கொடுங்கள்.

புது வண்டிச் சாவியோடு ஒரு சின்னத் தகடோ பிளாஸ்டிக் அட்டையோ வரும், அதில் எண் பொறித்திருக்கும். அது சாவி எண். அதை வைத்துச் சாவியைப் பார்க்காமலே வெட்டிவிடலாம். அதை வளையத்திலேயே தொங்கவிடுவதும், டாஷ்போர்டு அறையில் போட்டு வைப்பதும் தவறு. வீட்டில் இரும்புப் பெட்டகம் இருந்தால் அதற்குள் இருக்க வேண்டிய பொருள் அது. பிள்ளையார்பட்டியில் புது வண்டிக்குப் பூஜை போட்டதும் சாவியைக் கேமராவுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடுகிறோம். சந்தோஷமான நேரம், படம் எடுக்க வேண்டியதுதான். தகட்டின் வெட்டும் அந்த எண்ணும் தெரியாதபடி கைக்குள் மூடிப் பிடித்துக்கொள்ளுங்கள். தெளிவான படத்திலிருந்து தகட்டை வெட்ட முடியும்.

யாரிடம் போவது? ஷோரூமில் நாள் ஆகும், பணமும் கூடும். ஆனால் உங்கள் வண்டியின் சேஸிஸ் நம்பரைக் கொண்டு, ஆவணங்களைப் பார்த்தபிறகே சாவி வரவழைப்பார்கள். வெளியில் போடுவதானால், ஊரில் கடை வைத்து நிலைத்திருப்பவரிடம் போங்கள். ஆர்சியும் அடையாள அட்டையும் கேட்கிறார் என்று கோபப்படாதீர்கள். கேட்காமலே சாவி போட்டுத் தருபவர், நாளைக்கு உங்கள் வண்டியைக் காட்டி இன்னொருவன் கேட்டாலும் போட்டுத் தருவார். ஜெராக்ஸ் கொடுத்தால் அதன் மேலேயே 'சாவி போட மட்டும்' என்று எழுதித் தேதி போடுங்கள். பில்லில் வண்டி நம்பர், எத்தனை சாவி பதிந்தது, எத்தனை அழித்தது என்று எழுதி வாங்குங்கள்.

காகித வேலையில் இன்னொன்றும் உண்டு. கார் திருடுபோய் இன்சூரன்ஸ் கேட்கும்போது கம்பெனி வழக்கமாக எல்லாச் சாவியையும் ஒப்படைக்கச் சொல்லும். ஒன்று குறைந்தால் கேள்வி மேல் கேள்வி. சாவி தொலைந்த அன்றே காவல் நிலையத்தில் மனு கொடுத்து, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி, இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். பாலிசியில் சாவிக்கான கூடுதல் காப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் செலவில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கலாம்.

பட்டன் ஸ்டார்ட் வண்டிகளுக்கு ஒரு வார்த்தை. அதன் சாவியின் சிக்னலைக் கருவி வைத்து நீட்டி, சாவி பக்கத்தில் இருப்பதாகக் காரை நம்பவைத்துத் திருடும் முறை உண்டு. வண்டி தெருவில், சாவி முகப்பு ஆணியில் என்றால் இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். நம் வீடுகளோ இந்தத் தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீள்பவை. சாவியை உள்முற்றமான வளவு தாண்டி இரண்டாம் கட்டில், மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாவுக்குள் வையுங்கள். டப்பாவைக் காருக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கதவு திறக்கிறதா என்று ஒரு தடவை சோதித்தும் பாருங்கள்.

அம்மானின் அந்தச் சாவி இரண்டு மாதம் கழித்துக் கிடைத்தது. வளவில் சுருட்டி வைத்திருந்த ஜமக்காளத்தை உதறும்போது விழுந்தது. அடுத்த தடவை அவர் ஊருக்கு வந்தபோது வண்டியில் போட்டுப் பார்த்தோம். ரிமோட் பட்டனுக்கு ஒரு சத்தமும் இல்லை. தகட்டைத் திருப்பியதும் கதவு திறந்தது. இக்னிஷனைத் திருப்பினால் இஞ்சின் ஒரு விநாடி உறுமி அடங்கியது. டாஷ்போர்டில் சாவிப் படம் போட்ட சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது.