பழைய நன்னீர்த் தொட்டியில் ஒரு குட்டிப் பவளத் தொட்டி: முதல் முறை செய்பவர்களுக்கு

நன்னீர் மீன் வளர்த்துப் பழகியவர்கள் கடல் தொட்டி ஆசை வந்ததும் முதலில் கேட்பது, "இருக்கிற தொட்டியிலேயே உப்பைப் போட்டால் ஆகாதா?" என்றுதான். ஆகும். ஆனால் பழைய அமைப்பில் கண்ணாடி, ஸ்டாண்ட், ஹீட்டர் இவை மூன்றும்தான் பெரும்பாலும் மிஞ்சும். வேலையும் மாறிவிடும். நன்னீரில் நாம் மீனைப் பார்த்துக்கொண்டிருப்போம். இங்கே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

சிறிய தொட்டி சுலபம் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் குறையக் குறைய உப்பும் வெப்பமும் வேகமாக மாறும். 80 லிட்டருக்குக் குறையாத தொட்டியாக இருந்தால் நல்லது.

எதை வைப்பது, எதைத் தூக்குவது

மீன்களுக்கு முதலில் வேறு இடம் பாருங்கள். டெட்ரா, ஏஞ்சல், கோல்டு ஃபிஷ் எதுவும் கடல்நீரில் பிழைக்காது. மோலி மட்டும் விதிவிலக்கு. உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் முழுக் கடல்நீருக்கே பழகிவிடும். பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கும்.

கூழாங்கல், மரக்கட்டை, செடிகள் எல்லாம் வெளியே. ஹீட்டரில் உலோகப் பாகம் ஏதாவது தண்ணீரில் படுகிறதா என்று பாருங்கள், கடல்நீர் அதை அரித்துவிடும். பழைய விளக்கு மீனைப் பார்க்கப் போதும்; பவளத்துக்குப் போதாது. வெளியே தொங்கும் ஃபில்டர் இருந்தால் பஞ்சும் கார்பனும் போட வைத்துக்கொள்ளலாம், பஞ்சை மட்டும் அடிக்கடி கழுவ வேண்டும்.

இந்தத் தொட்டியில் எப்போதாவது வெள்ளைப்புள்ளி நோய்க்கோ நத்தையை ஒழிக்கவோ தாமிரம் கலந்த மருந்து ஊற்றியிருக்கிறீர்களா? ஊற்றியிருந்தால் அந்தத் தொட்டியைப் பவளத்துக்கு எடுக்காதீர்கள் என்பேன். சிலிக்கான் ஒட்டிலும் பழைய கற்களிலும் தங்கிய தாமிரம் மெல்லக் கசியும். மீன் தாங்கும் அளவே நத்தை, இறால், பவளம் எல்லாவற்றையும் கொன்றுவிடும்.

தாமிரம் படாத தொட்டி என்றால் வினிகரும் தண்ணீரும் கலந்து தேய்த்து, நன்றாக அலசினால் போதும். சோப்பு வேண்டாம்.

தண்ணீரும் உப்பும்

குழாய்த் தண்ணீரில் நைட்ரேட், பாஸ்பேட், சிலிகேட் என்று பாசிக்குத் தீனி நிறைய இருக்கும். ஆர்.ஓ. செய்து, அதன்பின் மிச்சத் தாதுக்களையும் பிடித்துவிடும் டி.ஐ. வடிகட்டியும் தாண்டி வரும், டி.டி.எஸ். (கரைந்திருக்கும் பொருட்களின் அளவு) 0 காட்டும் தண்ணீர்தான் வேண்டும். குடிப்பதற்கான ஆர்.ஓ. மெஷின் பல நேரம் சுவைக்காகத் தாதுக்களை விட்டுவைக்கும், அல்லது திரும்பச் சேர்க்கும். அதை நம்பி ஊற்றும்முன் டி.டி.எஸ். மீட்டரில் பாருங்கள்.

உப்பு என்றால் சமையல் உப்பு அல்ல, பவளத் தொட்டிக்கென்றே விற்கும் கடல் உப்புக் கலவை. அதில்தான் கால்சியம், மெக்னீசியம் எல்லாம் இருக்கும். லிட்டருக்குச் சுமார் 35 முதல் 38 கிராம் பிடிக்கும். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் தொடங்குங்கள். தண்ணீரில் உப்பைப் போட வேண்டும், உப்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஊற்றினால் கால்சியம் வெண்மையாகப் படிந்து வீணாகும். வாளியில் ஒரு சிறு பம்ப் ஓடவிட்டு, தெளியும்வரை கலக்குங்கள். முதல் தடவை மட்டும் தொட்டியிலேயே கலக்கலாம், உள்ளே உயிர் எதுவும் இல்லையே.

உப்பளவை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் ஒரு சின்னக் குமிழி ஒட்டினாலே அளவு தப்பும். ரிஃப்ராக்டோமீட்டரின் சாய்ந்த கண்ணாடியில் இரண்டு சொட்டு விட்டு, மூடியைக் காற்றுக்குமிழி இல்லாமல் மூடி, அரை நிமிடம் பொறுத்து, வெளிச்சத்தை நோக்கிப் பாருங்கள். மேலே நீலம், கீழே வெள்ளை. இரண்டும் சந்திக்கும் கோடுதான் உங்கள் அளவு. அது 35-இல் (ஆயிரம் பங்கு நீரில் 35 பங்கு உப்பு), அதாவது அடர்த்தி எண் 1.026-ஐ ஒட்டி நிற்க வேண்டும். கருவியை அவ்வப்போது 35 அளவுள்ள திருத்தத் திரவத்தால் சரிபாருங்கள். வெறும் தண்ணீரில் 0 காட்டுகிறது என்பதற்காக 35-லும் சரியாகக் காட்டும் என்று சொல்ல முடியாது.

கல், மணல், ஓட்டம்

கல்லை முதலில் அடிக்கண்ணாடியில் நேராக உட்கார வையுங்கள், மணல் பிறகு. மணல்மேல் கல்லை வைத்தால், குழி பறிக்கும் ஜீவன் ஏதாவது அடியைத் தோண்டிக் கல்லைச் சரித்துவிடும். துளைகள் நிறைந்த லேசான கல்லாகப் பாருங்கள். கழிவை மாற்றும் பாக்டீரியா குடியிருப்பது அந்தத் துளைகளில்தான். சுவர் மாதிரி அடுக்காமல், தண்ணீர் உள்ளே புகுந்து வர இடைவெளி விடுங்கள். அரகோனைட் என்ற சுண்ணாம்பு மணல் 2, 3 செ.மீ. உயரம் போதும்.

தண்ணீர் ஓட்டத்துக்கு ஒரு வேவ்மேக்கர் தேவை. தொட்டியின் கொள்ளளவைப் போல் மணிக்கு 10 முதல் 20 மடங்கு தள்ள வேண்டும். 80 லிட்டர் என்றால் 800 முதல் 1600 லிட்டர். நன்னீர்க்காரர்களுக்கு இது வெள்ளம் போலத் தோன்றும். பவளத்துக்கு இதுதான் இயல்பு. வெப்பம் 25, 26 டிகிரியில் நிலைக்கட்டும். கழிவை நுரையாக்கி வெளியேற்றும் புரோட்டீன் ஸ்கிம்மர் இந்த அளவுத் தொட்டிக்குக் கட்டாயமில்லை, வாரம் தவறாமல் தண்ணீர் மாற்றுகிறீர்கள் என்றால்.

மின்கம்பிகளை பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கும்படி விடுங்கள். கம்பி வழியே வழியும் உப்புநீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது. மின்கசிவைக் கண்டதும் துண்டிக்கும் பிரேக்கரும் இருக்க வேண்டும்.

சைக்கிள்

கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாவை வளர்ப்பதுதான் சைக்கிள். பழைய ஃபில்டர் பஞ்சிலேயே பாக்டீரியா இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். திடீரென்று உப்பு ஏறினால் அவை பெரும்பாலும் வேலையை நிறுத்திவிடும். புதிதாகத் தொடங்க வேண்டும். கடல் தொட்டிக்கான பாக்டீரியா பாட்டில் ஒன்றும், அம்மோனியா 2 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 2 பங்கு) வரும் அளவுக்கு அம்மோனியம் குளோரைடும் சேர்த்துவிட்டுச் சோதித்து வாருங்கள். அம்மோனியா இறங்கும், நைட்ரைட் ஏறி இறங்கும், நைட்ரேட் நிற்கும். பொதுவாக 4 முதல் 6 வாரம். 2 பி.பி.எம். அம்மோனியா ஊற்றி 24 மணி நேரத்தில் 0 ஆனால் தொட்டி தயார். கடல்நீரின் பி.ஹெச். 8-க்கு மேல் இருப்பதால் அதே அளவு அம்மோனியா இங்கே நன்னீரைவிடக் கூடுதல் விஷம். அதனால் அவசரப்படக் கூடாது. இந்த வாரங்களில் விளக்கு எரிய வேண்டாம், பாசிதான் கொழுக்கும்.

பிறகு விளக்கைப் போட்டதும் மணலெல்லாம் பழுப்பாகப் படியும். அடுத்துப் பச்சைப் பாசி. இது எல்லாத் தொட்டியும் தாண்டிப் போகும் கட்டம். மருந்து தேடி ஓடாதீர்கள். டிரோக்கஸ், செரித் நத்தைகள் நாலைந்தை விடுங்கள், அவை மேய்ந்துகொள்ளும்.

தினசரி வேலை: ஆவியாதல்

புதியவர்களின் தொட்டி அதிகம் கெடுவது இங்கேதான். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. கல்லும் மணலும் போக உங்கள் தொட்டியில் 60 லிட்டர் நீர் இருக்கிறது, அளவு 35 என்று வையுங்கள். 3 லிட்டர் ஆவியானால் மீதி நீர் கிட்டத்தட்ட 37-க்கு ஏறிவிடும். அந்த இடத்தை உப்புநீரால் நிரப்பினால் அளவு 36.75-இல் தங்கிவிடும், அடுத்த முறையும் அப்படியே செய்தால் 38.5. ஆகவே ஆவியானதை உப்புக் கலக்காத, டி.டி.எஸ். 0 காட்டும் தண்ணீரால் மட்டும் நிரப்புங்கள். கண்ணாடியில் ஒரு டேப் ஒட்டி நீர்மட்டத்தைக் குறித்து, தினமும் அந்தக் கோடுவரை ஊற்றினால் போதும். தானாக நிரப்பும் ஆட்டோ டாப் ஆஃப் கருவியும் கிடைக்கும்; வாங்கும் பட்டியலில் ஸ்கிம்மருக்கு முன்னால் அதைத்தான் வைப்பேன்.

வாரம் 10 முதல் 15 சதவீதம் நீர் மாற்றும்போது மட்டும் உப்புநீர். அதைத் தனி வாளியில் முந்தின நாளே கலந்து, உப்பும் வெப்பமும் தொட்டியோடு ஒத்திருக்கிறதா பார்த்து ஊற்றுங்கள்.

மீனும் பவளமும்

ஒரு ஜோடி ஒசெல்லாரிஸ் க்ளவுன் ஃபிஷ், கூட ஒரு ஃபயர்ஃபிஷ் கோபி. 80 லிட்டருக்கு அவ்வளவுதான். ஃபயர்ஃபிஷ் துள்ளும், மேலே வலை மூடி வேண்டும். நீல டாங் அழகாக இருந்தாலும் 30 செ.மீ. வரை வளரும். மாண்டரின் மீன் கல்லில் ஊரும் கோபிபாட் போன்ற மிகச் சிறு உயிரினங்களைத் தின்று வாழ்வது. சிறு தொட்டியில் பட்டினி கிடந்தே செத்துவிடும்.

பவளத்துக்கு நீல அலைநீளம் அதிகமுள்ள ரீஃப் எல்.ஈ.டி. விளக்கு, நாளுக்கு 8 மணி நேரம். பவளத்தின் உடலுக்குள் வாழும் நுண்பாசி அந்த ஒளியில்தான் உணவு செய்கிறது. மஷ்ரூம், சோவாந்தஸ், லெதர் போன்ற மென்பவளங்களில் தொடங்குங்கள். கிரீன் ஸ்டார் பாலிப் வாங்கினால் மற்றக் கற்களைத் தொடாத ஒரு தனிக் கல்லில் வையுங்கள். இல்லையென்றால் எல்லாவற்றின்மேலும் படர்ந்துவிடும்.

சோவாந்தஸைத் தொடும்போது கையுறையும் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் அவசியம். அதன் இனத்தில் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு உண்டு. அது ஒட்டிய கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று ஒருபோதும் கொதிக்க வைக்காதீர்கள். ஆவியில் கலந்த நஞ்சு வீட்டிலுள்ள எல்லாரையும் மருத்துவமனைக்கு அனுப்பும்.

மென்பவளங்கள் மட்டும் இருக்கும்வரை வாராந்திர நீர்மாற்றமே கால்சியத்தையும் காரத்தன்மையையும் ஈடுகட்டிவிடும். கல் எலும்புள்ள கடினப் பவளம் ஒன்றை வைத்த வாரத்திலிருந்து காரத்தன்மையை அளக்கத் தொடங்குங்கள்: 8, 9 டி.கே.ஹெச்.சில் (காரத்தன்மையின் அலகு) நிற்க வேண்டும், கால்சியம் 400-க்கும் 450 பி.பி.எம்.முக்கும் நடுவில். இரண்டு நீர்மாற்றங்களுக்கு இடையில் அளவு இறங்கிக்கொண்டே போனால் மட்டும் தனியாகச் சேர்க்கும் திரவங்களை வாங்குங்கள்.