வேலையை விடாமல் நீண்ட லீவு எடுப்பது எப்படி?

வேலை செய்து சோர்ந்துபோனால் ராஜினாமாக் கடிதம் எழுதத்தான் முதலில் கை போகும். கொஞ்சம் பொறுங்கள். நான் கொழும்பு, கொள்ளுப்பிட்டியில் ஒரு தனியார் கம்பனியில் கணக்காளர். ஞாயிறு மத்தியானமே திங்கட்கிழமையை நினைத்து நெஞ்சு படபடக்கத் தொடங்கியபோது நான் கேட்டது இரண்டு மாத நோ பே லீவு, அதாவது சம்பளமில்லாத விடுமுறை. கிடைத்தது.

இலங்கையின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி வருடத்துக்கு 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் சாதாரண லீவும் உண்டு. அதற்கு மேல் முதலாளி மனம் வைத்தால்தான். ஆனாலும் கேட்டுப் பார்க்காமல் வேலையை விடாதீர்கள். பணிக்கொடைச் சட்டத்தின்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்தால், ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். நாலரை வருடத்தில் கோபத்தில் கடிதம் கொடுத்தால் அந்தக் காசு போச்சு. லீவுக் காலத்தில் சேவை முறியாது, மருத்துவக் காப்புறுதி தொடரும் என்ற இரண்டையும் எச்.ஆரிடம் எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னது அடுத்த எச்.ஆர் வரும்வரைதான். சம்பளம் இல்லாத மாதங்களில் ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) காசு விழாது, திரும்பியதும் தொடரும்.

காசுக் கணக்கில் வீட்டு வாடகை, லீசிங், ஊருக்கு அனுப்புவது எல்லாம் நினைவில் இருக்கும். சீட்டைத்தான் பலர் மறப்பார்கள். எல்லாவற்றையும் கூட்டி, அதற்கு மேல் ஒரு மாதச் செலவு கையில் இருந்தால் போதும்.

கேட்கும் காலமும் முக்கியம். எங்கள் தொழிலில் மார்ச் 31 கணக்கு முடிவு, நவம்பர் 30 வருமான வரி விவரத்திரட்டு. ஒடிட் முடிந்த கையோடு, இரண்டுக்கும் நடுவில் கேட்டேன். "சேர், எனக்கு ஏலாமல் இருக்கு" என்று மட்டும் சொன்னால், "ஒரு கிழமை ரெஸ்ட் எடுங்கோ" என்பார்கள். அதனால் ஒரு தாளோடு போங்கள்: போகும் திகதி, வரும் திகதி, எந்த வேலை யாரிடம். என் தாளில் ஒன்லைனில் காசு அனுப்பத் தேவையான வங்கி டோக்கன் எந்த லாச்சியில், அதன் சாவி யாரிடம், 15ஆம் திகதிக்குள் கட்டவேண்டிய சம்பள வரியை யார் கட்டுவார், அவர் வராவிட்டால் யார் என்பது வரை இருந்தது. மனேஜர் லாச்சியைப் பற்றி எழுதியதைத்தான் இரண்டு தரம் வாசித்தார். அவருடைய பயம் நாம் போவதைப் பற்றியது இல்லை, பாஸ்வேர்ட் தெரியாமல் நிற்பதைப் பற்றியது.

லீவு தொடங்கியதும் ஒபிஸ் வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து வெளியேறுங்கள். ம்யூட் பண்ணினால் கை திறந்து பார்க்கும். அவசரத்துக்கு ஒரே ஒருவர், அதுவும் அழைப்பு மட்டும். முதல் இரண்டு கிழமைக்கு நுவரெலியா, கோயில் பயணம் என்று எதுவும் போடவேண்டாம். தூங்குங்கள். வெள்ளவத்தையில் காலையில் கடற்கரைப் பக்கம் நடந்தால் கோட்டைக்குப் போகும் ரயிலில் ஆட்கள் வாசலில் தொங்கிக்கொண்டு போவது தெரியும். முதலில் குற்ற உணர்வு வரும், அப்புறம் பழகிவிடும்.

யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா கேட்டார்: "உன்னை வேலையால நிப்பாட்டிப் போட்டாங்களோ?" திரும்பும் திகதி போட்ட கடிதத்தைப் படமெடுத்து அனுப்பினேன். சொந்தக்காரருக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

உலக சுகாதார நிறுவனம் இந்த வேலைச் சோர்வை (burnout) நோயாக இல்லாமல், வேலையோடு வரும் நிலையாகத்தான் 2019இல் வகைப்படுத்தியது. ஆனால் வேலையிலிருந்து விலகி நின்றும் தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அது வேறு விஷயம். வைத்தியரைப் பாருங்கள், 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கும் பேசலாம்.

திரும்பும் நாளைத் திங்களில் வைக்காதீர்கள். புதனோ வியாழனோ போனால் மெயில்களைப் பார்த்து முடிப்பதற்குள் சனி வந்துவிடும். நான் முதல் கிழமையில் புதிய வேலை எதுவும் தரவேண்டாம் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தேன்.