படகின் அவுட்போர்டு இன்ஜினில் செல்ஃப் எடுக்கலையா? சாலினாய்டைப் பார்த்து மாற்றும் முறை

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் கயிறு இழுத்து ஓட்டும் சின்ன இன்ஜின்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. செல்ஃப் வைத்த இன்ஜினில் சாவி திருகினால் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்து நின்றால் எல்லோரும் முதலில் கை வைப்பது, பேட்டரி கரண்டை செல்ஃப் மோட்டாருக்குத் திறந்துவிடும் சாலினாய்டில்தான். அவசரப்பட வேண்டாம். 'டக் டக் டக்' என்று விடாமல் அடித்தால் கோளாறு பெரும்பாலும் பேட்டரியில், இல்லையென்றால் வயர் நுனியில் அடித்திருக்கும் வளையமான லக்கில்.

பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2-க்குக் கீழே என்றால் சார்ஜ் போட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள். சிவப்பு ரப்பர் மூடியைத் தள்ளி லக்கைப் பாருங்கள். மேலே பளபளப்பாக இருந்தாலும், வயர் நுழையும் குழலுக்குள் பச்சைப் பொடி பூத்திருக்கும். அங்கே வெட்டிப் புது லக் அடிப்பதுதான் வழி, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது வீண்.

அடுத்தது மல்டிமீட்டர். மேல்மூடியைத் திறந்து வைத்து, பெட்ரோல் வாடை இல்லை என்று பார்த்துக்கொண்டு, கியரை நியூட்ரலில் போட்டு, இன்ஜினை நிறுத்தும் கில் சுவிட்சின் கயிற்றை உருவிவிடுங்கள், இன்ஜின் பிடித்துக்கொள்ளாது. ஃபிளைவீல் பக்கம் கை, துண்டு எதுவும் போகக் கூடாது. சாலினாய்டின் இரண்டு சின்ன வயருக்கு இடையே மீட்டரை வைத்துச் சாவியைத் திருகச் சொல்லுங்கள். வோல்ட் வரவில்லை என்றால் ஃபியூஸ், சாவி, நியூட்ரல் சுவிட்ச், எர்த் வயர் இவற்றில் ஒன்று. சாலினாய்டு மேல் பழி போடாதீர்கள். 12-ஐ ஒட்டி வந்தும் சத்தமே இல்லையென்றால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் (காயில்) போய்விட்டது.

சத்தம் வருகிறது, செல்ஃப் சுற்றவில்லையா? சாலினாய்டில் தடித்த வயர்கள் மாட்டிய இரண்டு பெரிய முனைக்கு நடுவே மீட்டரை வையுங்கள். சாவி திருகாதபோது 12 காட்டும். திருகினால் 0.3-க்குள் விழ வேண்டும். விழாமல் நின்றால் உள்ளே அந்த இரண்டு முனையையும் இணைக்கும் தட்டு கருகிவிட்டது, சாலினாய்டை மாற்றுங்கள். விழுந்தும் சுற்றவில்லை என்றால் செல்ஃப் மோட்டாரையோ அதன் எர்த்தையோ பாருங்கள்.

வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். ஆட்டோ, கார் சாலினாய்டு பார்க்க ஒரே மாதிரி இருக்கும், விலையும் குறைவு. ஆனால் அவற்றில் சில, தகரப் பட்டை வழியாகவே எர்த் எடுக்கும். உங்களுடையதில் தனிக் கறுப்பு வயர் இருந்தால் ஒத்துவராது. உப்புக்காற்றுக்குச் சீல் வைத்ததும் இல்லை, பெட்ரோல் ஆவி சூழ்ந்த இடத்துக்கு ஏற்றதும் இல்லை. படகுக்கென்றே வரும் பாகத்தையே போடுங்கள்.

கழற்றும் முன் போனில் போட்டோ எடுங்கள். முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி ஓரமாகக் கட்டுங்கள். பிறகு பெரிய வயர்கள், சின்ன வயர்கள், ரப்பர் பிடிப்பு. நட் பெரும்பாலும் 10-ம் நம்பர் ஸ்பேனரில் வரும். மாட்டுகையில் கெடுவது இங்கேதான்: முனை மெல்லிய செம்பு. மேல் நட்டை முறுக்கும்போது கீழ் நட்டை இன்னொரு ஸ்பேனரால் பிடிக்காவிட்டால் முனை உள்ளே சுழன்று, புது சாலினாய்டு அங்கேயே செத்துவிடும். ஸ்பிரிங் வாஷர் விட்டுப்போகக் கூடாது. முறுக்கிய பிறகு கிரீஸை மேலே பூசுங்கள், லக்குக்கு அடியில் அல்ல. நெகட்டிவ் கடைசியில்.

சோதிக்கும்போது ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் சுற்றவிடாதீர்கள். தண்ணீர் கொடுக்காமல் இன்ஜினை ஓடவிட்டால் தண்ணீர் பம்பின் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் கருகும்.

சாவியை விட்ட பிறகும் செல்ஃப் சுற்றிக்கொண்டே இருந்தால் உள்ளே தட்டு ஒட்டிக்கொண்டது. பேட்டரி மெயின் சுவிட்சை உடனே அணையுங்கள், சுவிட்ச் இல்லையென்றால் நெகட்டிவைப் பிடுங்குங்கள். சார்ஜ் குறைந்த பேட்டரியில் மறுபடி மறுபடி திருகினால் இப்படி ஒட்டும்; அதே பேட்டரியோடு விட்டால் புதியதும் அப்படியே ஒட்டும்.