பிரெஞ்சு வினைச்சொல்லைத் தட்டிப் பார்த்துப் படியுங்கள்

எழுதியிருப்பதை அப்படியே ஒலித்துப் பழகியவர்கள் நாம். பிரெஞ்சு வினைச்சொல்லிலும் அதையே செய்யப் போய், வாய்பாடு மனப்பாடமான பிறகும் பேச்சு பிடிபடாமல் தவிக்கிறோம். சரி, மேசையில் விரலால் தட்டிக்கொண்டே தொடங்குவோம். ஓர் உயிரொலிக்கு ஒரு தட்டு. அதுதான் ஓர் அசை. எழுத்துகளின் பெயரை மட்டும் ஆங்கில வழக்கில் சொல்கிறேன்.

படி 1: ‘பார்லே’ என்றால் பேசுவது. நிகழ்காலத்தில் நான், நீ, அவன், அவர்கள் என்று வரும்போது ஏட்டில் வால் மாறுகிறது: ஈ, ஈ-எஸ், ஈ, ஈ-என்-டி. வாயில் நாலும் ‘பார்ல்’தான். ஒரே தட்டு.

படி 2: ‘நாம்’, ‘நீங்கள்’ இரண்டுக்கும் வால் ஒலிக்கும். பார்-லோன், பார்-லே. இரண்டு தட்டு. ‘லோன்’ என்பதில் நாக்கு நுனி அண்ணத்தைத் தொடக் கூடாது. ஒலியை மூக்கில் விடுங்கள்.

படி 3: ஈ-என்-டி எப்போதுமே ஊமை என்று முடிவுகட்டாதீர்கள். ‘மடத்துக் கோழிகள் அடைகாக்கின்றன’ என்பதைப் பிரெஞ்சில் சொன்னால், ‘லே பூல் த்யு கூவான் கூவ்’. கடைசி இரண்டு சொற்களுக்கும் எழுத்து ஒன்றேதான், ஒரு புள்ளி மாறாது. மடம் பெயர்ச்சொல், கூ-வான், இரண்டு தட்டு. அடைகாப்பது ‘அவர்கள்’ வடிவ வினை. கூவ், ஒரே தட்டு. ஆகவே வாலைப் பார்க்கும் முன் எழுவாயைத் தேடுங்கள். ‘அவன் வருகிறான்’ என்பதும் ஈ-என்-டியில்தான் முடியும். ஆனால் அது ஒருமை, அதனால் ‘வ்யேன்’ என்று மூக்கில் ஒலிக்கும்.

படி 4: மெய்யோடு உயிர் சேர்வது நமக்குப் புதிதில்லை, ‘அவள் அழைத்தாள்’ பேச்சில் ‘அவளழைத்தாள்’ ஆகிறதே. அப்படித்தான் ‘அவன் நேசிக்கிறான்’ என்பது இ-லேம். ‘அவர்கள்’ என்றால் இல்-ஸேம். அந்த ‘ஸ’ தேனீ ரீங்கரிப்பதுபோல் அதிர வேண்டும். ஒருமையா பன்மையா என்று காதுக்குச் சொல்வது அந்த அதிர்வு மட்டுமே.

படி 5: எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ‘ஆஷ்தே’ என்றால் வாங்குவது. ‘நாம்’ என்றால் நூ-ஸாஷ்-தோன். நடுவிலுள்ள ஈ பேச்சில் கரைந்துவிடுகிறது. ‘நான்’ என்றால் வால் ஊமையாகிறது, சொல்லைத் தாங்க அதே ஈ எழுந்து நிற்க வேண்டியிருக்கிறது: ழா-ஷெத் (இங்கே ‘ழ’ நம் ழகரம் இல்லை, அதிரும் ‘ஷ’). அதன் தலையில் சாய்கோடு போடுவது அதற்காகத்தான். அப்புறம் ‘ஆப்லே’, அதாவது அழைப்பது. அங்கே சாய்கோட்டின் வேலையை இரட்டை எல் செய்கிறது: ழா-பெல். ‘நாம்’ என்றால் ஒற்றை எல் போதும்: நூ-ஸாப்-லோன்.