ஒரே ரோஜா, இரண்டு உடைகள்: பிரெஞ்சு அரசவைச் சிறுகதை எழுதும் முறை

பிரெஞ்சு அரச குடும்பத்தை வைத்துக் கதை எழுத உட்காரும் புதியவர்கள், ராணி மரி அந்துவானெத்தின் கல்யாணத்தில் தொடங்கி, அவர் தலையை வெட்டிய கில்லட்டின் இயந்திரத்தில் முடிக்கப் பார்க்கிறார்கள். 1770 முதல் 1793 வரை 23 ஆண்டுகளை 2,500 சொற்களில் அடைத்தால் கதை வராது, பாடப்புத்தகச் சுருக்கம்தான் வரும். சில வாரங்களே போதும். இந்தப் பயிற்சிக்கு 1783 ஆகஸ்டையும் செப்டம்பரையும் எடுத்துக்கொள்வோம். ராணியைச் சற்று ஓரமாக நிறுத்திவிட்டு, அவரை வரைந்த எலிசபெத் விஜே லெப்ரனை நடுவில் வைப்போம்.

படி 1: நடந்ததை ஒரு பத்தியில் எழுதுங்கள்

1783 மே 31 அன்று விஜே லெப்ரன் அரச ஓவியக் கழகத்தில் உறுப்பினரானார். அங்கே பெண்களுக்கு நான்கே இடம். அவருடைய கணவர் ஓவிய வியாபாரி. வியாபாரத் தொடர்பு உள்ளவர்களைக் கழகம் சேர்க்காது. ராணியின் ஆதரவால், அரசரின் ஆணை வந்த பிறகே கதவு திறந்தது. ஆகஸ்டில் லூவ்ர் அரண்மனையில் நடந்த 'சலோன்' கண்காட்சியில் அவர் வரைந்த ராணியின் படம் தொங்கியது: வெள்ளை மஸ்லின் உடை, வைக்கோல் தொப்பி, கையில் ரோஜா. 'ராணி உள்ளாடையோடு நிற்கிறார்' என்று ஊர் கொதித்தது. பிரான்சின் ராணி லியோன் நகரத்துப் பட்டுத்துணியை விட்டுவிட்டு இறக்குமதிப் பருத்தியை உடுத்துவதா என்ற கோபமும் சேர்ந்துகொண்டது. படம் இறக்கப்பட்டது. அதே நிலை, அதே ரோஜா, ஆனால் நீலச் சாம்பல் பட்டுடை என்று இன்னொரு படம் அதன் இடத்துக்கு வந்தது.

இந்தப் பத்தியிலேயே கதைக்கான முடிச்சு இருக்கிறது. ராணியின் தயவால் இடம் பெற்றவர், மூன்றே மாதத்தில் அந்த ராணிக்கே அவப்பெயர் தேடித் தந்துவிட்டார். முதல் படம் இறங்கியதற்கும் இரண்டாவது ஏறியதற்கும் நடுவே ஓவியக்கூடத்தில் என்ன நடந்தது? உங்கள் கற்பனைக்கு உரிய இடம் அதுதான்.

படி 2: நாட்காட்டி போடுங்கள்

ஒரு தாளை நடுவே கோடு போட்டு இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் பாத்திரங்களின் நாட்கள், வலப்பக்கம் ஊரின் நாட்கள். வலப்பக்கத்துக்கு 1783 அள்ளித் தருகிறது: ஜூனில் ஐஸ்லாந்தின் லாக்கி எரிமலை வெடித்து, அந்தக் கோடையில் ஐரோப்பா முழுக்கப் புகைமூட்டம்; ஆகஸ்ட் 27இல் பாரிஸில் ஹைட்ரஜன் பலூன்; செப்டம்பர் 3இல் அமெரிக்க விடுதலைப் போரை முடித்த ஒப்பந்தம்; செப்டம்பர் 19இல் அரசவை இருந்த வெர்சாயில் ஆடு, வாத்து, சேவலோடு மேலே போன, மோங்கோல்ஃபியே சகோதரர்களின் வெப்பக்காற்றுப் பலூன். எல்லாவற்றையும் கதையில் திணிக்காதீர்கள், ஒன்று போதும். பலூன் பார்க்கத் தெருவே ஓடும்போது ஓவியர் மட்டும் கூடத்தை விட்டு நகர முடியாமல் இருக்கிறார் என்றால், அவருடைய நெருக்கடியைத் தனியாக விளக்கவே வேண்டாம்.

வயதையும் குறித்துவையுங்கள். இருவரும் 1755இல் பிறந்தவர்கள். ஓவியருக்கு 28, நவம்பரில் பிறந்த ராணிக்கு இன்னும் 27. ஓவியரின் மகள் ஜூலிக்கு மூன்று வயது. ராணியைப் பழுத்த சூழ்ச்சிக்காரியாக எழுதும் தவறு, வயதைக் குறிக்காததால்தான் பெரும்பாலும் வருகிறது.

படி 3: விளிச்சொற்களை முடிவு செய்யுங்கள்

தமிழில் எழுதுகிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். 'பிராட்டி', 'தேவி', 'அந்தப்புரம்', 'சேடி' என்று எழுதிய மாத்திரத்தில் வாசகர் மனம் தஞ்சைக்குப் போய்விடும். அந்தப்புரம் என்ற சொல் பொருளிலும் பிழை. ஒழுங்காக உடுத்தியவர்கள் வெர்சாய் அரண்மனைக்குள் நுழைந்து சுற்றலாம். அரச தம்பதி உண்பதைக்கூட நின்று பார்க்கலாம். மறைவே இல்லாத வாழ்க்கை அது. எளிய மஸ்லின் உடையில் ராணிக்கு இருந்த ஆசையை அதை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

நேரில் பேசும்போது அரசரை 'சீர்' என்றும் ராணியை 'மதாம்' என்றும் அழைப்பார்கள். அரசரின் மூத்த தம்பிக்குப் பெயரே சேர்க்காமல் 'முசியே' என்றால் போதும், அவர் மனைவிக்கு வெறும் 'மதாம்'. ஆகவே ராணியைப் பற்றி மற்றவர்கள் பேசும்போது 'ராணி' என்றே எழுதுங்கள், குழப்பம் வராது. இந்தச் சொற்கள் தமிழுக்குப் புதியவை அல்ல. புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை 1736இலிருந்து எழுதிய நாட்குறிப்பில் 'முசே', 'மதாம்' என்று இயல்பாகப் புழங்குகிறார். அவருடைய 'முசே'யைக் கையாண்டாலும் அழகுதான். ஆனால் கதை முழுக்க ஒரே வடிவம் வேண்டும். ராணியிடம் ஓவியர் 'தாங்கள்' என்பார். ராணி அவரை 'நீங்கள்' என்பார்.

படி 4: பொருட்களைச் சரிபாருங்கள்

ஓவியக்கூடத்தில் சாயக்குழாய் கிடையாது, அது 1841இல் வந்தது. அரைத்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டிவைத்து, ஊசியால் குத்திப் பிதுக்கி எடுப்பார்கள். தீக்குச்சி இல்லை. ஃபிராங்க் நாணயம் 1795இல்தான் நிலைத்தது. அதுவரை கணக்கு லிவ்ரில்: ஒரு லிவ்ருக்கு 20 சோல், ஒரு சோலுக்கு 12 தெனியே. மீட்டருக்குப் பதில் 'பியே' (சுமார் 32.5 செ.மீ.). கில்லட்டின் முதலில் இறங்கியது 1792 ஏப்ரலில், ஆகவே 1783இல் யாரும் அதை உவமையாகக்கூடச் சொல்ல முடியாது.

எண்ணெய் வண்ணம் காயும் வேகத்தை மறக்காதீர்கள். மெல்லிய பூச்சுகூடத் தொட்டால் ஒட்டாமல் இருக்கச் சில நாட்கள் பிடிக்கும். ஈர நீலத்தின் மேல் வெள்ளை லேஸை வரைந்தால் இரண்டும் கலந்து கலங்கிவிடும். கண்காட்சி முடிவதற்குள் படம் போயாக வேண்டும். இந்தக் கதையின் வில்லன் காயாத சாயம்தான். வேறு சதிகாரர் யாரும் தேவையில்லை.

படி 5: பொய்யென்று தெரிந்ததை விலக்குங்கள்

'ரொட்டி இல்லையென்றால் கேக் சாப்பிடட்டும்' என்ற வசனத்தை ராணியின் வாயில் வைக்காதீர்கள். தத்துவவாதி ருசோ தன் வரலாற்றில் அதை ஏதோ ஓர் இளவரசி சொன்னதாக எழுதியபோது, மரி அந்துவானெத் ஆஸ்திரியாவில் சிறுமி. ஓவியரின் நினைவுக் குறிப்புகளையும் நிதானித்தே எடுக்க வேண்டும். அவை வெளியானது 1835இலிருந்து, அவருக்கு 80 வயதானபோது. கர்ப்பிணியான அவர் தூரிகைகளைத் தவறவிட, ராணியே குனிந்து பொறுக்கித் தந்தார் என்று அதில் ஒரு காட்சி வருகிறது. பயன்படுத்தலாம், ஆனால் வயதான ஒருவர் அன்போடு நினைத்துப் பார்ப்பதாக வையுங்கள்.

படி 6: மூன்று காட்சிகள்

முதல் காட்சி 700 சொல்: லூவ்ரில் தரையிலிருந்து கூரைவரை சட்டத்தோடு சட்டம் உரசத் தொங்கும் படங்கள், கூட்டத்தின் முணுமுணுப்பு, நடுவே ஓவியர். இரண்டாவது 1,200: ஓவியக்கூடம். புதுப் படத்திலும் நிற்கும் நிலை அதேதான் என்பதால் ராணியை மறுபடி வரவழைக்க வேண்டாம். வெறும் பட்டுத்துணியை நாற்காலியில் போட்டு வரையட்டும், ஜூலி கதவருகே விளையாடட்டும். அவர் எதைக் காப்பாற்றப் பார்க்கிறார், தன் இடத்தையா, ராணியையா என்ற கேள்வி இங்கே முற்ற வேண்டும். மூன்றாவது 600: புதுப் படம் ஏறுகிறது. ஊர் சமாதானமாகிறது. மஸ்லின் போன பிறகும் விரல்களுக்கிடையே அந்த ரோஜா அப்படியே இருப்பதை ஓவியர் மட்டும் பார்க்கிறார். அங்கே பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள். பத்து ஆண்டு கழித்து வரப்போவது வாசகருக்குத் தெரியும்.